முழங்கை வரை சோப்பு

பிரதர் தியோஃபிலோ வந்துவிட்டார் என்றதும் அறுவை சிகிச்சை வார்டே எழுந்து நின்றது. எழக்கூடாதவர்களும் எழுந்தார்கள். கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்திருந்த உறவினர்கள் ஜெபமாலையோடு ஊர்ந்து வெளியே வந்தார்கள். கத்தி வேண்டாம், தையல் வேண்டாம், வெறுங்கையை வயிற்றுக்குள் விட்டுக் கட்டியை எடுத்துவிடுவாராம். பிலிப்பைன்ஸின் பங்கசினான் மாகாணம் முழுக்க இதே பேச்சு. காணிக்கை கட்டாயமில்லை. உண்டியல் மட்டும் அவர் போகுமிடமெல்லாம் கூடவே வரும்.

நர்ஸ் ஹெர்மினியா மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஜன்னலோரக் கட்டிலில் மீன் விற்கும் சொலேதாத் படுத்திருந்தாள். குடல்வால் வீங்கி எந்த நேரமும் வெடிக்கலாம். ஆனால் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள்.

"பிரதர் எடுத்துருவாரு. தழும்புகூட இருக்காதாம்."

டாக்டர் ராமிலுக்குக் கோபம். "அந்த ஆளை வெளிய தள்ளுங்க."

"தள்ளினா இவங்களும் பின்னாடியே போயிடுவாங்க டாக்டர். அங்க வெடிச்சா யாரு பாக்குறது?" என்றாள் ஹெர்மினியா.

"அப்ப ஏதாவது சொல்லி ஏமாத்திக் கையெழுத்து வாங்கு."

"உடம்பு அவங்களுது. பொய் சொல்லி வாங்கினா நமக்கும் அந்த ஆளுக்கும் என்ன வித்தியாசம்?"

ஹெர்மினியா நேரே பிரதரிடம் போனாள். பணிவு என்றால் அப்படியொரு பணிவு.

"வாங்க பிரதர். ஒண்ணே ஒண்ணு. இங்க நோயாளியைத் தொடுறவங்க யாரா இருந்தாலும் சட்டைக் கையை மடிச்சு முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவணும். ஜெபிக்க வர்ற பாதிரியாரே கழுவுறாரு."

"சோப்பு பட்டா அருள் போயிடும் மகளே."

"வெறும் தண்ணி?"

"தண்ணியும் ஆகாது."

"சட்டைக் கையையாவது மடிக்கலாமில்ல?"

"குளிர் பட்டா சக்தி நடுங்கும்."

ஏப்ரல் வெயிலில் மின்விசிறியே சோர்ந்து நின்றிருந்தது. பிரதரின் சக்திக்கு மட்டும் குளிர்.

சொலேதாத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கினாள். "மீன் விக்கிற நானே கை கழுவிட்டுத்தான் பிள்ளைங்களுக்குச் சோறு போடுறேன். சும்மா கழுவுங்க பிரதர். வலி உயிர் போகுது."

"கழுவுங்க பிரதர்," என்றது கூட்டமும். பாவம், அற்புதம் சீக்கிரம் நடக்கட்டுமே என்ற பக்தி.

பிரதர் தொட்டியருகே போய் விரல் நுனியை மட்டும் நனைத்தார். "இன்னும் மேல," என்று ஹெர்மினியா சோப்பை நீட்டினாள். சட்டைக் கை ஓர் அங்குலம் ஏறியது. உள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பை வழுக்கித் தொட்டியில் விழுந்து வாய் திறந்தது. கோழி ஈரல். அதுவும் வினிகரில் ஊறியது. பூண்டு மணத்தது, ஒரு பிரிஞ்சி இலைகூட ஒட்டியிருந்தது. மனைவி அதோபோ குழம்புக்கு ஊறவைத்ததை அவசரத்தில் மாற்றி எடுத்து வந்துவிட்டார் மனிதர்.

"இது முந்தின நோயாளி வயித்துல எடுத்த கட்டி," என்றார் பிரதர்.

"ஏன், அவரு பூண்டு போட்டா கட்டியை வளத்தாரு?" என்று கேட்டாள் சொலேதாத்.

வார்டு சிரித்த சிரிப்பில் தையல் போட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பிரதர் வாசலைத் தாண்டியபோது அவர் பின்னால் உண்டியல்கூடப் போகவில்லை.

சொலேதாத் கையெழுத்துப் போட்டாள். தள்ளுவண்டியில் போகும்போது டாக்டரை நிறுத்தினாள். "நீங்களும் மடிச்சுக் காட்டுங்க."

டாக்டர் ராமிலின் முகம் சுருங்கியது. ஹெர்மினியா அதே சோப்பை நீட்டினாள். டாக்டர் கழுவினார்.

"இன்னும் மேல," என்றாள் சொலேதாத்.

உங்கள் ஊருக்கும் ஓர் அருளாளர் வருவார். காணிக்கையை நீட்டுமுன் சோப்பை நீட்டிப் பாருங்கள். கழுவினால் போய்விடுவது அருள் அல்ல, அழுக்கு.