சமநிலையாரின் ரப்பர் பட்டை

மூன்று நாட்களாக உலகத்தின் பெரிய பெரிய பலசாலிகள் எல்லாம் ஒரு ரப்பர் துண்டுக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

விளையாட்டுக் கிராமத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால், சலவை இயந்திரங்கள் ஓடும் அறை வாசலில் அந்த வரிசை தொடங்கும். குண்டு எறிபவர்கள், வாள் வீசுபவர்கள், நீச்சல்காரர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். பத்து மீட்டர் மேடையிலிருந்து தலைகீழாகக் குதிக்கிற ஒருவன், பின்னால் இருப்பவர் இடித்துவிட்டால் விழுந்துவிடுவோமோ என்று படிக்கட்டுக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றான். குதிரையேற்றக்காரர் ஒருவர் தனக்கு ஒன்றும் குதிரைக்கு நான்கும் வாங்கிப்போனார். குதிரை அதில் ஒன்றைத் தின்றுவிட்டது. அன்றைக்கு அது வழக்கத்தைவிட நன்றாகத் தாண்டியதாம். ஆகவே பட்டையை உள்ளுக்குச் சாப்பிடலாமா என்று கேட்பதற்கு மறுநாள் தனி வரிசை.

வரிசையின் மறுமுனையில் சமநிலையார் உட்கார்ந்திருந்தார். அது பெயரல்ல, பட்டம். கொடுத்துக்கொண்டவரும் அவரேதான். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் கிடையாது, ஆனால் அதை மாட்டியிருப்பவர்களின் நடை இருந்தது. அவர் விற்றது கறுப்பு ரப்பரில் ஒரு மணிக்கட்டுப் பட்டை. நடுவில் மினுமினுவென்று ஒரு பொட்டு. உடம்பிலிருந்து தப்பியோடும் அலைகளை அந்தப் பொட்டு மடக்கிப் பிடித்து உள்ளே அனுப்பும் என்றார். என்ன அலை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் தனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்று ஆகிவிடுமே என்கிற பயம், படித்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

அலை புரியாதவர்களுக்கு நிரூபணம் இருந்தது. ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வார். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டச் சொல்வார். நீட்டிய கையை இரண்டே விரலால் கீழே அழுத்துவார். ஆள் சாய்ந்துவிடுவான். பிறகு பட்டையை மாட்டிவிட்டு மறுபடி அழுத்துவார். ஆள் தூண் போல நிற்பான். அவ்வளவுதான். அதற்கப்புறம் எந்தப் பேராசிரியர் வந்து பேசினாலும் எடுபடாது.

பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணியை அங்கே கூட்டிப்போனவர் அவர்களுடைய மாஸ்டர். ஐந்து பெண்கள். அந்த ஐவரும் பீம் என்கிற நாலங்குல அகலக் கட்டையின் மேல், நாலடி உயரத்தில், பின்பக்கமாகத் துள்ளிக் கையை ஊன்றிக் காலில் வந்து நிற்கிறவர்கள். உங்களுக்குச் சமநிலை போதாது என்று அவர்களிடம் ஒருவர் சொன்னார். அவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

ஒருத்தி மட்டும் சிரித்துவிட்டாள்.

பெரிய சிரிப்பு ஒன்றுமில்லை. மூக்கு வழியாக வந்த சிறு சிரிப்புத்தான். சமநிலையார் அவள் மணிக்கட்டில் பட்டையை மாட்டி, ஒற்றைக் காலில் நிறுத்தி, இரண்டு விரலை வைத்தார். பட்டையோடேயே சாய்ந்தாள். மாஸ்டருக்கு முகம் வெளுத்தது.

"பட்டை போட்டும் நிக்கலேன்னா இது கசிவு," என்றார் சமநிலையார், வீட்டில் சாவு விழுந்த செய்தி சொல்பவரைப்போல. "மேடைக்கு விட்டீங்கன்னா கூட இருக்கிற நாலு பேரோட நிலையையும் உறிஞ்சிடும். அப்புறம் உங்க இஷ்டம்."

சிரித்தவள் ரசமட்டக்காரரின் அக்கா மகள்.

ரசமட்டக்காரர் அணியோடு வந்திருந்த கருவிப் பொருத்துநர். பயிற்சிக் கூடத்தில் பீமுக்கு மட்டம் பார்ப்பதும், கம்பிகளை இழுத்துப் பிடிக்கும் இழுவடங்களை முறுக்குவதும், ஒவ்வொரு திருகாணியையும் தொட்டுப் பார்ப்பதும் அவர் வேலை. சட்டைப் பையில் எப்போதும் குமிழி ஓடும் ஒரு ரசமட்டம் இருக்கும். அதிகம் பேசமாட்டார். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் கேட்டவர் சாப்பிட்டுவிட்டு வரலாம். வந்த பிறகும் பதில் தயாராக இருக்காது.

இறுதிப் போட்டி அன்று காலை மாஸ்டர் அவரிடம் வந்தார். கையில் ஒரு தாள். ஒவ்வொரு கருவிக்கும் மூன்று பெயர் எழுதி மூன்று மணிக்குள் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த பிறகு மாற்ற முடியாது.

"அண்ணே, உங்க மருமக பேரை பீம்லேருந்து எடுக்கறேன்."

ரசமட்டக்காரர் பல்லில் கடித்திருந்த திருகாணியை எடுத்தார். "ஏன்?"

"கசியுதாம்."

"எது?"

"சமநிலை."

வெகுநேரம் கழித்து, "எங்கேருந்து?" என்றார்.

மாஸ்டருக்கு அது தெரியவில்லை. தெரியாதது அவருக்கு ஓர் இடைஞ்சலாகவும் இல்லை.

"நம்ம கிட்ட பீம்ல இவளைவிட நல்லா ஆடறவ யாரு?"

"யாருமில்ல. அதுக்கென்ன பண்றது?" மாஸ்டர் தாளைச் சுருட்டினார். "சிரிக்காதீங்கண்ணே. நாலு வருஷம் இதுக்காக உசிரைக் கொடுத்திருக்கேன். ஒண்ணைச் செய்யாம விட்டுட்டு, அதனாலதான் போச்சோன்னு ஆயுசு பூரா நினைச்சிட்டு உக்கார என்னால முடியாது."

ரசமட்டக்காரர் சிரிக்கவில்லை. அந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ள அவரால் முடியவில்லை. அவருக்கும் ஒரு திருகாணியை மூன்று முறை தொட்டுப் பார்க்காமல் தூக்கம் வராது.

மருமகள் பீமுக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்து, விரலில் சுற்றிய பிளாஸ்திரியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, எனக்குக் கசியுதா?"

"நீ என்ன குழாயா?"

"காலையில மூணு தடவை விழுந்தேன்."

"பார்த்தேன்."

"மூணும் ஒரே இடம். நான் மாஸ்டரா இருந்தாலும் என் பேரை எடுத்திருப்பேன்."

அவர் பீமின் மேல் அந்த இடத்தில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் நின்றது. அங்கே ஒரு குறையும் இல்லை. ஆனால் காலையில் இன்னொன்றையும் அவர் பார்த்திருந்தார். பதினொரு வருடமாகக் கட்டையின் கடைசி முனையைப் பார்த்து ஆடுகிறவள், இன்று தன் காலைப் பார்த்தாள். படியிறங்கும்போது காலையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் தடுக்கும். அவர் அதைச் சொல்லவில்லை. சொன்னால் காலைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே காலைப் பார்ப்பாள்.

பத்து மணிக்குச் சமநிலையார் பயிற்சிக் கூடத்துக்கே எழுந்தருளினார். மற்ற நாட்டு அணிகள் அவரைச் சூழ்ந்துகொண்டன. அந்தக் கூடத்தில் எங்கே தொட்டாலும் கைப்பொடி. கம்பியில் வழுக்காமலிருக்கப் பூசுகிற வெள்ளைப் பொடி. நாலு பேரோடு கை குலுக்கினால் போதும், மாவு மில்லில் வேலை பார்ப்பவர்போல ஆகிவிடலாம். சமநிலையார் நாற்பது பேரோடு குலுக்கினார்.

ரசமட்டக்காரர் ஏணிமேல் ஏறி, ஏற்கெனவே முறுக்கியிருந்த இழுவடத்தை மறுபடி முறுக்குவதாகப் பாவனை செய்தபடி ஒரு மணி நேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இறங்கினார். சைக்கிள் நிறுத்துமிடத்தில் பஞ்சர் ஒட்டுபவரிடம் போய் ஒரு பழைய டியூப் வாங்கிவந்தார். குறுக்கே இரண்டு வளையங்கள் வெட்டினார். அகலமும் கனமும் சமநிலையாரின் பட்டை மாதிரியே வரும்வரை தேய்த்தார். எல்லாம் முடிந்ததும் போய் அவர் முன்னால் நின்றார்.

"ஐயா, ஒரு சின்ன சந்தேகம்."

கூடமே திரும்பியது. அவருக்குக் குரல் உண்டு என்பதே பலருக்குப் புதிதாக இருந்தது.

"கேளுங்க. நீங்க இங்க என்ன, பிளம்பரா?"

"அந்த மாதிரிதான். கசிவு பார்க்க வந்திருக்கேன்." பெண்களைக் காட்டினார். "இந்த அஞ்சு பொண்ணுங்களும் உள்ள போய் கையில கட்டிட்டு வருவாங்க. மூணு பேர் உங்க பட்டை. ரெண்டு பேர் சைக்கிள் டியூப். மேல பிளாஸ்திரி சுத்திக்குவாங்க. யாரு எதுன்னு எனக்கும் தெரியாது. நீங்க விரல் வச்சுச் சொல்லுங்க."

சமநிலையார் புன்னகைத்தார். புன்னகைக்காமல் என்ன செய்வார், சுற்றிலும் இருநூறு பேர். "தாராளமா."

பெண்கள் உடை மாற்றும் அறைக்குள் போய், இடது மணிக்கட்டில் வெள்ளைப் பிளாஸ்திரியோடு திரும்பி வந்தார்கள்.

முதலாமவள் நெட்டைப் பெண். ஒற்றைக் காலில் நின்றாள். சமநிலையார் அழுத்தினார். அவள் அசையவில்லை. "பட்டை இருக்கு. அலை கைக்குத் தெரியுது."

பிளாஸ்திரியைப் பிரித்தாள். சைக்கிள் டியூப்.

இரண்டாமவள் சாய்ந்தாள். "இது வெறும் ரப்பர்." பிரித்தாள். பொட்டு மின்னியது.

மூன்றாமவளிடம் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றார். அழுத்தினார். நின்றாள். "இருக்கு." இருந்தது. கூட்டம் கைதட்டியது. முதல் இரண்டையும் அந்தக் கைதட்டலிலேயே மறந்துவிட்டது.

நான்காமவள் சாய்ந்தாள். "இல்லை." இருந்தது.

கடைசியாக மருமகள். அவளை அழுத்தியதில் அவர் குதிகாலும் கொஞ்சம் எழும்பியது. சாய்ந்தாள். "இவளுக்கு இருந்தாலும் விழுவா, இல்லாட்டியும் விழுவா."

"இருக்கா, இல்லையா?" என்றார் ரசமட்டக்காரர்.

சமநிலையார் மேலே பார்த்தார். மேலே மின்விசிறி இருந்தது. "இருக்கு."

டியூப்.

ஐந்தில் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தால்கூட இரண்டு தேறியிருக்கும்.

"பிளாஸ்திரி அலையை மறிக்குது," என்றார் சமநிலையார்.

கூட்டத்தில் அந்தப் பெண்களின் நாட்டுப் பளுதூக்கி நின்றிருந்தார். நூற்று முப்பது கிலோ, மூன்று பட்டை. "நேத்து கோட்டு மேல கட்டினாலும் வேலை செய்யும்னீங்களே?"

"கோட்டு பருத்தி. அது வேற."

"எங்கிட்ட ரெண்டு வேணாம், மூணா கட்டுன்னும் சொன்னீங்க."

"உங்க உடம்புக்குச் சொன்னேன்."

ரசமட்டக்காரர் ஐந்து பெண்களையும் கையை நீட்டி வரிசையாக நிற்கச் சொன்னார். "பொடியைப் பாருங்க," என்றார்.

பார்த்தார்கள். சாய்ந்த மூவருக்கும் மணிக்கட்டை ஒட்டி இரண்டு விரல் அச்சு வெள்ளையாகப் பதிந்திருந்தது. அசையாமல் நின்ற இருவருக்கும் அதே அச்சு முழங்கைக்கு மேலே, தோளுக்குக் கிட்டத்தில்.

எல்லோர் கண்ணும் சமநிலையாரின் விரல்களுக்குத் திரும்பியது.

"கதவைக் கைப்பிடிகிட்ட ஒரு விரலால தள்ளலாம். கீல்கிட்ட தள்ளிப் பாருங்க, மூச்சு வாங்கும்." பளுதூக்கியைக் கூப்பிட்டார். "வாங்க தம்பி. மூணு பட்டையும் இருக்கட்டும். ஒத்தைக் கால்ல நில்லுங்க."

மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்தார். மூன்று பட்டை, மூன்று பொட்டு, நூற்று முப்பது கிலோ, எல்லாம் மெத்தைமேல் போய் விழுந்தது. எழுப்பி, மூன்றையும் கழற்றி, தோளுக்குக் கிட்டத்தில் அழுத்தினார். பளுதூக்கி கல்தூண். அவரே தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"நம்பாதவங்க பார்வை பட்டா அலை கலைஞ்சிடும்," என்று சொல்லிவிட்டுச் சமநிலையார் கம்பீரமாக வெளியேறினார். வழியில் குதித்து இறங்குவதற்கான தடித்த பஞ்சு மெத்தை கிடந்தது. அதில் நடந்து பழகாதவர் யாராக இருந்தாலும் தடுமாறத்தான் செய்வார்கள். அதற்காகச் சிரிக்கக் கூடாது. சிரித்தார்கள். நெட்டைப் பெண்ணும் இன்னொருத்தியும் அவரைத் தூக்கி நிறுத்தி, கோட்டில் பொடியைத் தட்டிவிட்டார்கள்.

மணி இரண்டரை. மாஸ்டர் தாளைப் பெஞ்சின்மேல் விரித்தார்.

"நிப்பியா?"

"தெரியாது மாஸ்டர்," என்றாள் மருமகள். "காலையில விழுந்தது கசிவால இல்ல. விழப் போறோம்னு நினைச்சுக்கிட்டே ஏறினேன். சாயங்காலம் அப்படி ஏற மாட்டேன். அதுக்கு மேல எங்கிட்ட உத்தரவாதம் கிடையாது."

மாஸ்டர் பேனாவைத் திறந்தார். நான்கு வருடங்களில் தன் முன்னால் யாரும் உத்தரவாதம் கிடையாது என்று சொன்னதில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். எழுதினார்.

அன்று மாலை அவள் பீமில் ஏறினாள். நடுவில் ஒருமுறை இடுப்பு ஒடியத் தள்ளாடினாள். கைகள் காற்றில் எதையோ தேடின. அவள் கண் கட்டையின் முனையை விட்டு நகரவில்லை. நின்றாள். இறங்கும்போது ஒரு கால் ஓர் அடி பின்வாங்கியது. அணிக்கு ஐந்தாம் இடம். அதுவரை எட்டாம் இடத்தைத் தாண்டாத அணி. பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நாட்டுக்கு நல்லது.

மறுநாள் காலை சைக்கிள் பந்தய அணிகள் புகார் கொடுத்தன. கொட்டகையில் வைத்திருந்த உதிரி டியூப்கள் ஒன்றுகூட இல்லை. அந்தப் பெண் கையில் கட்டியிருந்தது சைக்கிள் டியூப்தான், அதனால்தான் பீமில் நின்றாள் என்று செய்தி சாப்பாட்டுக் கூடம் முழுக்கப் பரவியிருந்தது. பின்சக்கரத்து டியூப்புக்குச் சக்தி அதிகம் என்று ஒரு கட்சி, முன்சக்கரம்தான் என்று ஒரு கட்சி. குதிரையேற்றக்காரர் நான்கு வாங்கிவிட்டார்.

ரசமட்டக்காரர் பீமைக் கழற்றிக்கொண்டிருந்தார். உதவிக்குக் கை நீட்டிய மாஸ்டரின் சட்டைக் கைக்குள் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. ரசமட்டக்காரர் அதையே பார்த்தார்.

மாஸ்டர் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "நம்பியெல்லாம் இல்லண்ணே. சும்மா கிடக்கேன்னு போட்டுப் பார்த்தேன்."

ரசமட்டக்காரர் கடைசித் திருகாணியைக் கழற்றிப் பெட்டியில் போட்டு, மூடி, பூட்டினார்.

"கழுத்துக்கு மேல ஒண்ணு ரொம்ப வருஷமா சும்மா கிடக்கு மாஸ்டர். ஒரு தடவை அதையும் போட்டுப் பாருங்க."