அந்த அரைப் போத்தல் பற்றி மச்சானுக்கு

கந்தப்பளை,
செவ்வாய்க்கிழமை காலை.

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய மச்சான் செபஸ்தியாம்பிள்ளை அவர்களுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் உங்கள் தங்கை பவுலினும் மகள் டிலுக்ஷியும் மழையைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே கொத்மலையில் நீங்களும் மதினியும் அப்படியே சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறோம்.

நேற்று மாலை நீங்கள் போன் எடுத்து, "கேள்விப்பட்டேன் மச்சான். நல்லா இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். பிறகு நான் ஏழு தடவை எடுத்தும் நீங்கள் பேசவில்லை. ஆகையால் தபாலை நம்பாமல், தெரிந்த பஸ் கண்டக்டர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஐந்து வருடத்துக்கு முன் கோயிலில் உங்களை நிறுத்தி, இனிக் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கியவன் நான். அன்றைக்கு நீங்கள், "நீங்க ஒரு சொட்டு தொட்டா, அன்னைக்கே நானும் தொடுவேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னீர்கள். எனவே இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்கும்வரை தயவுசெய்து எதையும் தொட வேண்டாம்.

நடந்தது இதுதான். டிலுக்ஷி இந்த வருடம்தான் நமது தோட்டப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியையாகச் சேர்ந்தாள். போன வெள்ளிக்கிழமை அவள் பாடம் நடத்துவதைப் பார்க்க வலயக் கல்விக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி வருவதாக அறிவித்திருந்தார்கள். நிரந்தர நியமனத்துக்கு அவருடைய அறிக்கை முக்கியமாம். பாடம், உயிர்க் கலத்துக்குள் என்ன நடக்கிறது என்பது. பாடசாலையில் இருப்பதோ கண்ணாடி இல்லாத ஒரு நுணுக்குக்காட்டி. அதனால் ஸ்ட்ரோபெரிப் பழத்திலிருந்து டீஎன்ஏயைப் பிள்ளைகள் கண்ணுக்கு முன்னாலேயே வெளியே எடுத்துக் காட்டப்போவதாகச் சொன்னாள். எனக்கு விளங்கவில்லை என்றதும் சாப்பாட்டு மேசையிலேயே பாடத்தைத் தொடங்கிவிட்டாள்.

"கலத்துக்குள்ள வேலை செய்யுறது அநேகமா எல்லாம் புரதம்தாம்ப்பா. சாப்பாட்டைச் செரிக்க வைக்கிறது, ரத்தத்துல காத்தைச் சுமக்கிறது எல்லாம் அதுதான். ஆனா எந்தப் புரதத்தை எப்படிச் செய்யணுங்கிற குறிப்பு டீஎன்ஏயில இருக்கு. அது கலத்துக்கு நடுவுல இருக்கிற கருவை விட்டு வெளிய வராது. ஆர்என்ஏ அதைப் பிரதி எடுத்துக்கிட்டு வெளிய போகும்."

"பெரிய தொரை பங்களாவுலயே இருந்துகிட்டு ஆள் மூலமா சொல்லி அனுப்புற மாதிரியா?"

"அப்படித்தான். நாங்க தொரையை வெளிய இழுத்துப் பார்க்கப்போறோம்."

முப்பத்து நாலு வருடம் தேயிலைப் பெக்டரியில் டீமேக்கராக இருந்தவன் நான். கொழுந்தை நொறுக்கிப் பரப்பி, அது பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கு வரும்வரை பக்கத்தில் நின்றிருக்கிறேன். அந்த நிறத்தை மாற்றுவது இலைக்குள்ளேயே இருக்கும் நொதியம் என்ற புரதம் என்று இவள் சொல்லித்தான் விளங்கியது. அதுவரை அதை என் கைத்திறமை என்று நினைத்திருந்தேன்.

செய்முறை சுலபம்தான். பழத்தைப் பிசைந்து, கலத்தைச் சுற்றியுள்ள சவ்வு உடைவதற்குப் பாத்திரம் கழுவும் சோப்பும், கொஞ்சம் உப்பும் போட வேண்டும். வடிகட்டிய பிறகு, டீஎன்ஏயைக் கட்டிப்பிடித்திருக்கும் புரதங்களை வெட்ட அன்னாசிச் சாறு. கடைசியில், காயம் துடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைக் குளிரவைத்து மெல்ல ஊற்றினால் வெள்ளை நூல் மிதந்து வருமாம். ஸ்பிரிட் வாங்குவது என் பொறுப்பு. நான் வழக்கம்போல வியாழக்கிழமை பின்நேரம்வரை தள்ளிப்போட்டேன். டவுனில் இரண்டு பார்மசியிலும் இல்லை. வீட்டுக்கு வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, "ஸ்பிரிட்டுன்னா சாராயம்தானே, அதை வாங்கிட்டு வாங்களேன்" என்று யோசனை சொன்னது உங்கள் தங்கை. இதை மறந்துவிடாதீர்கள்.

மதுவொழிப்புச் சங்கச் செயலாளரான நான் குடையைக் காதுவரை இறக்கிக்கொண்டு பாருக்குப் போனேன். வரிசையில் பன்னிரண்டு பேர். கடைசியில் நின்றவர் அழகுமுத்து. குடியை விடச் சொல்லி நான் அவர் லயத்து வீட்டுக்கே போய் எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன். அவர் என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"ஐயாவுக்கு வழி விடுங்கப்பா" என்றார். பன்னிரண்டு பேரும் விலகி நின்றார்கள். "வீட்டுல ஏதும் துக்கமாங்கய்யா?"

"துக்கமில்ல அழகுமுத்து. டீஎன்ஏ வெளிய எடுக்கணும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "வாஸ்தவம்தாங்க. உள்ள கெடக்கிற எல்லாத்தையும் இது வெளிய எடுத்துரும்."

"அதில்லப்பா, இது ஸ்ட்ரோபெரிக்கு."

"தொட்டுக்கவா? கொஞ்சம் உறைப்பா ஏதாச்சும் வச்சுக்கங்க ஐயா."

அன்னாசியும் இருக்கிறது என்று நான் சொன்னது பெரும் பிழை. டீமேக்கர் ஐயா பழத்தோடு குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்ற செய்தி எனக்கு முன்னால் தோட்டத்துக்கு வந்துவிட்டது. அங்கே கொத்மலைக்கும் இந்தக் கடிதம் வரும் அதே பஸ்ஸில்தான் வந்திருக்க வேண்டும்.

இத்தனை மானம் போயும் பலன் இல்லை. அரைப் போத்தலைக் குளிரவைத்து ஊற்றிப் பார்த்தோம். ஒரு நூலும் வரவில்லை. "இதுல பாதிக்கு மேல தண்ணிப்பா, இந்த வீரியம் காணாது" என்றாள் மகள். மிச்சத்தைப் பவுலின் பார்த்திருக்க, நானே குசினித் தொட்டியில் ஊற்றினேன். நாக்கில் ஒரு சொட்டு பட்டிருந்தால் என்னைக் கேளுங்கள். டிலுக்ஷி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போய், மருந்து கொடுக்கும் ஷிராணி மிஸ் முன்னால் நின்றேன். எங்கள் வீட்டிலிருந்து ஐம்பது அடிதான். "நேத்தே கேட்டிருக்கலாமே அன்டன் ஐயா, இங்க ரெண்டு போத்தல் சும்மா கெடக்கு" என்று ஒன்றைத் தூக்கித் தந்தார்.

பாடம் நடக்கும்போது நான் யன்னலுக்கு வெளியே மழையில் நின்றேன். மகள் ஸ்பிரிட்டை மெல்லச் சரித்தாள். சிவப்புச் சாற்றுக்கு மேலே வெள்ளையாகப் புகைபோல் எழுந்து, நூல் நூலாகத் திரண்டது. நாற்பது பிள்ளைகளும் மேசையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். அதிகாரி எழுந்து வந்து, "மிஸ், நான் ஒருக்கா சுத்திப் பார்க்கலாமா?" என்று நூலைச் சுற்றி எடுக்கும் குச்சியைக் கேட்டு வாங்கினார். அதற்குப் பிறகு நடந்தது எனக்குச் சரியாகத் தெரியவில்லை. என் மூக்குக்கண்ணாடி நனைந்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் பவுலின் ஒரு கிலோ மாட்டிறைச்சி வாங்கி, மிச்சமிருந்த அன்னாசிச் சாற்றில் மத்தியானம் முழுதும் ஊறவைத்தாள். சமைத்தபோது அது கஞ்சியாகிவிட்டது. "இறைச்சியும் புரதம்தானேம்மா, அன்னாசி அதை வெட்டிருச்சு" என்றாள் மகள். கரண்டியால் சாப்பிட்டோம். ருசியாகத்தான் இருந்தது.

ஆகவே மச்சான், நான் அங்கே போய் நின்றது முழுக்க முழுக்க விஞ்ஞானத்துக்காக. உங்கள் சத்தியமும் என் சத்தியமும் அப்படியே இருக்கின்றன. இரண்டு வீட்டையும் ஆண்டவர் காத்து, மதினியின் முழங்கால் வலியையும் குறைப்பாராக.

என்றும் உங்கள் அன்பு மச்சான்,
அன்டன்

பி.கு.: உறையை ஒட்டும் முன் டிலுக்ஷி இதை வாங்கி வாசித்தாள். அந்த வெள்ளை நூலில் டீஎன்ஏ கொஞ்சம்தானாம், மிச்சம் பெரும்பாலும் பெக்டின் என்ற பழப்பசையாம். ஜாம் இறுகுவது அதனால்தானாம். வகுப்பிலேயே அதை ஒளிக்காமல் சொன்னதற்குத்தான் அதிகாரி அவளை மிகவும் பாராட்டினாராம். ஆகையால், மேலே விஞ்ஞானத்துக்காக என்று நான் எழுதியிருக்கும் இடத்தில், ஜாமுக்காக என்று திருத்தி வாசிக்கவும். இந்தத் திருத்தத்தை மட்டும் மதினிக்கு உரக்க வாசித்துக் காட்ட வேண்டாம்.