ஆதிரைக்கு ஒரு வில்லன்

வில்லன் மறுபடியும் அழுதுவிட்டான்.

அச்யுத் தட்டச்சுவதை நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். ஒன்பது கிரகங்களை விழுங்கியவன் அந்த வில்லன். பத்தாவதுக்கு வாயைத் திறந்தபோது ஆதிரை விண்கலத்திலிருந்து இறங்கி வந்து, "சாப்ட்டு எத்தனை நாளாச்சு உனக்கு?" என்று கேட்டாள். அவ்வளவுதான், உடைந்துபோனான்.

"இவனும் கப்பல்ல ஏறியாச்சா?" என்றாள் பக்கத்து மேசையில் படம் வரையும் மோகனப்ரியா. "பதினோராவது ஆள், அச்யுத். இனிமே கட்டில் வரைய இடமில்ல."

மைசூரு மண்டி மொஹல்லாவில், பாத்திரக் கடை ஒன்றுக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது அவர்களுடைய அனிமேஷன் கம்பெனி. அச்யுத் எழுத, மோகனப்ரியா வரையும் விண்வெளித் தொடரின் நாயகிதான் ஆதிரை. இரக்கமே உருவானவள். எழுதுகிறவனும் லேசுப்பட்டவனல்ல. கீழே சந்தில் யாராவது ஸ்கூட்டரை இவன் காலில் ஏற்றினால், "உங்களுக்கு அடி ஒண்ணும் படலையே?" என்று விசாரிக்கிற ரகம்.

முதலாளி உமேஷ் செல்போனும் கையுமாக வந்தார். கன்னடக்காரர், தமிழையும் அதே வேகத்தில் பேசுவார்; யாரையும் 'குரு' என்றுதான் கூப்பிடுவார்.

"குரு, கடைசி எபிசோடுக்கு சேனல்ல வில்லன் கேக்கறாங்க. நாலு நாள்தான் டைம், வெள்ளிக்கிழமை காட்டணும். வில்லன் இல்லேன்னா அடுத்த சீசன் இல்ல. சீசன் இல்லேன்னா நம்ம ஆபீஸே இல்ல."

"புரிஞ்சுது சார். திருந்தவே திருந்தாத ஒருத்தனைக் கொண்டு வரேன்."

அன்று சாயங்காலமே சூரியன்களை ஊதி அணைக்கும் இருட்டரசனைப் படைத்தான். ஏன் அணைக்கிறான் என்று ஒரு வரி தேவைப்பட்டது. வெளிச்சத்தில் அவனுக்குத் தூக்கம் வராது என்று எழுதித் தொலைத்தான். அடுத்த பக்கத்தில் ஆதிரை அவனைக் கப்பலுக்குக் கூட்டிப்போய், ஜன்னலே இல்லாத அறையில் படுக்க வைத்து, யாரும் போய் எழுப்பிவிடாதபடி கதவை வெளியே தாழிட்டாள்.

"பன்னெண்டு" என்றாள் மோகனப்ரியா.

"காரணம் இருந்தாத்தானே இரக்கம் வருது? மனசே இல்லாத யந்திரத்தைக் கொண்டு வந்தா என்ன பண்ணுவா?"

கொண்டு வந்தான். கண்ணில் பட்டதையெல்லாம் பொசுக்கும் யந்திரம். ஆதிரை அதன் கழுத்தில் ஒரு திருகு கழன்றிருப்பதைப் பார்த்துவிட்டாள். "ஐயோ, வலிக்கலையா?" என்றபடி முடுக்கிவிட்டாள். வால் ஒன்றுதான் பாக்கி; மற்றபடி நாய்க்குட்டி மாதிரி அவள் பின்னாலேயே அது கப்பலேறியது.

"பதிமூணு. இதுக்குக் கட்டில் வேணுமா, பிளக் பாயின்ட் போதுமா?"

புதன்கிழமை உமேஷுக்குப் பொறுமை போய்விட்டது.

"பழைய வில்லன் ஒருத்தன் கப்பல்லேர்ந்து தப்பிச்சு ஓடட்டும் குரு! துரோகி! அவளுக்குக் கோபம் வரணும். வந்தே ஆகணும்!"

அச்யுத் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினான். ஒற்றைக்கண்ணன் தூமகேது சின்ன ஓடமொன்றைக் கிளப்பிக்கொண்டு தப்பினான். ஆதிரை மூன்று பால்வீதிகள் துரத்திப்போய் அவனை மடக்கினாள்.

"என்னை விட்டுடு, ஆதிரை!"

கை ஓங்குகிற இடம் வந்துவிட்டது. அச்யுத் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு விசைகளைத் தட்டினான். திறந்து பார்த்தபோது, ஆதிரையின் ஓங்கிய கையில் ஒரு கம்பளி இருந்தது.

"வெளில எவ்வளவு குளிர்! உன்னை எப்படி விடுவேன்? வா."

மோகனப்ரியா அதைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதுல ஒரு எழுத்துகூட மாத்தாத. வேலை போனா போகட்டும்."

வெள்ளிக்கிழமை, வரைந்த படங்களைக் கோத்து ஹாலில் திரையிட்டார்கள். கடைசிக் காட்சியில் ஆதிரை கப்பலின் கதவை அழுத்திச் சாத்தினாள். பதிமூன்று பேருக்கும் போர்த்திவிட்டாள். "இனிமே எப்பவும் நாம எல்லாரும் ஒண்ணாத்தான்" என்று புன்னகைத்தாள்.

விளக்கைப் போட்டபோது உமேஷின் கண்கள் சிவந்திருந்தன.

"சக்கத்தா இருக்கு குரு, சூப்பர்! அழுகையே வந்துடுச்சு. ஆனா வில்லன் எங்க? சேனலுக்கு நான் என்ன சொல்றது?"

ஆறு பேருடைய வேலை தன்னால் போகப்போகிறதே என்று நினைத்த அச்யுத் மன்னிப்புக் கேட்க எழுந்தான்.

ஆபீசைக் கூட்டித் துடைத்துக் காபி போட்டுக் கொடுக்கும் மாதேவி, கொள்ளேகால் பக்கத்துக்காரி, முதல் காட்சியிலிருந்தே காபித் தட்டுடன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"ஏனுங்க சார், இத்தன பேர ஊட்டுக்கு உடாம கப்பல்ல அடச்சு வெச்சிருக்கறாளே, அந்தப் பொம்பளய எப்பத்தானுங்க புடிப்பாங்க?"