அனக்லெட்டோவின் ஈ

அரசர்கள் கட்டிய கோட்டை இடியும். தளபதிகளின் சிலைமேல் பறவைகள் அசுத்தம் செய்யும். ஆனால் ஓர் ஈக்குச் சூட்டிய பெயரை உலகம் உள்ளவரை எவராலும் அழிக்க முடியாது. டாக்டர் எவான்ட்ரோ இதை வரவேற்புரையாக எழுதி மனப்பாடமும் செய்துவிட்டார்.

ஈக்குத்தான் இப்போது தலை இல்லை.

விருந்தினர் வருகிறாரே, தூசி இல்லாமல் இருக்கட்டும் என்று லேசாக ஊதினார். காய்ந்த தலை கழன்று மேசையில் உருண்டது. அவர் இடுக்கியை எடுப்பதற்குள் ஓர் எறும்பு அதைத் தூக்கிக்கொண்டு பலகைச் சுவரின் விரிசலுக்குள் போய்விட்டது. அமேசான் காட்டு எறும்புக்கு எதையும் இரண்டாவது தடவை காட்ட வேண்டியதில்லை.

"ஜுரேமா!"

மனைவி ஜுரேமா அடுத்த மேசையில் பாசிகளை ஆராய்ந்துகொண்டிருந்தாள். அந்த ஆய்வு நிலையத்தில் இரண்டே விஞ்ஞானிகள். அவள் இரண்டாமவள் என்பது அவருடைய கருத்து.

"என்ன டாக்டர்?" கேலி செய்யும்போது மட்டும்தான் அவரை அப்படிக் கூப்பிடுவாள்.

"தலை போயிடுச்சு!"

"யார் தலை?"

"அனக்லெட்டோ தலை!"

அனக்லெட்டோ, மனௌஸ் நகரத்துப் பெரிய மெத்தை வியாபாரி. நிலையத்து ஜெனரேட்டருக்கு டீசல் அவர் தர்மம். ஜெனரேட்டர் ஓடினால்தான் அலமாரிக்குள் விளக்கு எரியும். விளக்கு அணைந்தால் ஈரம் ஏறி, எவான்ட்ரோ ஆயுள் முழுக்கச் சேர்த்த ஈக்களைப் பூஞ்சை தின்றுவிடும். கைம்மாறாக அனக்லெட்டோ கேட்டது ஒன்றுதான்: புது ஈ இனம் ஒன்றுக்குத் தன் பெயர். அந்த இனத்தில் இதுவரை கிடைத்தது ஒரே ஓர் ஈ. அதைப் பார்க்கத்தான் இன்று படகில் வந்துகொண்டிருந்தார். திருப்தி இல்லையென்றால் டீசலை ஏதாவது கால்பந்துக் குழுவுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

"பாசியில இந்த வம்பே கிடையாது. தலை இருந்தாத்தானே விழும்," என்றாள் ஜுரேமா.

"சமையலறையில ஈ இருக்கா?"

"பொரிச்ச மீன் மேல ஒரு படையே உட்கார்ந்திருக்கு. எதுக்கு... அடப்பாவி, வேண்டாம்யா!"

"இது மோசடி இல்ல ஜுரேமா. சீரமைப்பு."

ஈ ஒட்டுவதற்குச் சிறந்த பசை நிறமில்லாத நகப்பூச்சு. அது தீர்ந்துபோயிருந்தது. ஜுரேமாவிடம் இருந்தது நல்ல ரத்தச் சிவப்பு.

சமையலறை ஈயின் தலை சற்றுப் பெரிது. ஒட்டியதும் ஈ குனிந்து எதையோ தேடுவதுபோல் நின்றது; கழுத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் வேறு.

"கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி இருக்கு," என்றாள் ஜுரேமா.

"சும்மா இரு."

ஊசியால் தலையை நிமிர்த்தினார். தலை நிமிர்ந்தது, கால்கள் இரண்டு உதிர்ந்தன. அவற்றைத் தேடக் குனிந்தபோது முழங்கை பட்டு ஒரு கால் எங்கோ பறந்தது. கொசு ஒன்றிடமிருந்து கால் இரவல் வாங்கப்பட்டது. அது மற்றக் கால்களைவிட இருமடங்கு நீளம். சிவப்பைத் துடைக்கலாம் என்று நகப்பூச்சு அழிப்பானைத் தொட்டு வைத்தார். சிவப்பு போகவில்லை, முதுகெல்லாம் பரவி, இறக்கை ஒன்று வயிற்றோடு ஒட்டிக்கொண்டது.

"இப்ப இதுக்கு யார் பேரு வெச்சாலும் மானநஷ்ட வழக்குதான்," என்றாள் அவள்.

ஆற்றில் படகின் ஊதல் கேட்டது.

"காய்ஞ்சதும் லென்ஸுக்கு அடியில வெச்சிடு!" என்று கத்திக்கொண்டே எவான்ட்ரோ படகுத்துறைக்கு ஓடினார்.

அந்தப் புழுக்கத்திலும் கோட்டு போட்டுக்கொண்டு இறங்கினார் அனக்லெட்டோ. வரவேற்புரை முழுவதையும், கோட்டைகள் இடிவதிலிருந்து, வியர்க்க வியர்க்கக் கேட்டார். பிறகு ஆய்வறைக்கு வந்து, ஜெபத்துக்குக் குனிவதுபோல் நுண்ணோக்கிமேல் குனிந்தார்.

எவான்ட்ரோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடேயப்பா! காலைப் பாருங்க டாக்டர், எவ்வளவு நீளம்!"

கொசுக்கால், என்று நினைத்தார் எவான்ட்ரோ. தொலைந்தோம்.

"கருகருன்னு, வரிசையா, அழகா வளைஞ்சு... ஐயோ, அசையுதே!"

எறும்பு ஏறிவிட்டதா? எவான்ட்ரோ அவசரமாக ஜன்னலைக் காட்டினார். "அது... ஜன்னல் காத்துங்க."

"காத்தாவது! உயிரோட இருக்குய்யா! என்னைப் பார்த்துத்தான் ஆடுது!" நிமிர்ந்தபோது மெத்தை வியாபாரியின் கண்கள் கலங்கியிருந்தன. "எங்க அப்பாவுக்குப் பார்க்கக் கொடுத்து வைக்கலையே. டாக்டர், நான் இருக்கறவரைக்கும் உங்களுக்கு டீசல் நிக்காது. இது சத்தியம்."

கட்டிப்பிடித்தார். பொரித்த மீனை மரவள்ளி மாவோடு வயிறாரச் சாப்பிட்டார். படகேறிப் போனார்.

எவான்ட்ரோ நாற்காலியில் அப்படியே சரிந்தார். காலையிலிருந்து இப்போதுதான் ஒழுங்காக மூச்சு விட்டார். அலமாரிக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பார்த்தியா? கைவேலைன்னா இது. கொசுக்கால் எதுன்னு அந்த மனுஷனால கண்டுபிடிக்க முடியலையே!"

ஜுரேமா கையிலிருந்த சிறிய டப்பாவை மேசைமேல் வைத்துத் திறந்தாள். உள்ளே சிவப்பு ஈ இன்னும் ஈரமாகப் பளபளத்தது.

"பாலிஷ் காயவே இல்ல, அதனால நான் வைக்கல," என்றாள். "லென்ஸுக்கு அடியில ஒண்ணுமே இல்ல. அவர் பார்த்தது அவரோட கண்ணிமை முடியை."