தாரணி எதிர்த்துப் பேசிய விஷயமாக

புக்கிட் பாஞ்சாங்,
வெள்ளிக்கிழமை

பாசமுள்ள பரமசிவம் அண்ணனுக்கு, தங்கை மங்களம் பாதம் தொட்டு எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரர் உங்க மாப்பிள்ளையும் உங்க மகள் தாரணியும் மாரியாத்தா புண்ணியத்தில் சுகம். அங்கே உங்க சுகர், அண்ணியின் முழங்கால், சினைப்பசு எல்லாம் நல்லபடியாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் பேசியே அனுப்பியிருப்பேன்; நீங்க அதை உரக்கடையில் சத்தமாக வைத்துக் கேட்பீங்க, மூட்டை வாங்க வந்தவனெல்லாம் கருத்துச் சொல்லுவான். அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டு கதீஜா அக்காவின் தம்பி நசீர் நாளைக்கு ஊருக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அண்ணே, செவ்வாய்க்கிழமை நீங்க போன் பண்ணி, "மாப்பிள்ளை பாத்தாச்சு, பரீட்சையும் வேணாம் ஒண்ணும் வேணாம், டிக்கெட் போடுறேன், கிளம்பி வா"ன்னு சொன்னதுக்கு, தாரணி "ஐ சீ யுவர் பாயிண்ட் அப்பா, பட் ஐ ஆம் நாட் கன்வின்ஸ்ட்"னு சொன்னாளே, அது திட்டு இல்லை. மாரியாத்தா மேல ஆணையா இல்லை. "நீங்க சொல்றது புரியுதுப்பா, ஆனா என் மனசு ஒப்பலை"ன்னு அர்த்தம். அதுக்கு மார்க் உண்டு. நீங்க பட்டுனு போனை வெச்சுட்டீங்க.

நடந்ததைக் கேளுங்க. யுனிவர்சிட்டியில் இவ இப்ப சேர்ந்திருக்கிறது மேல்படிப்புக்கு முந்தின இங்கிலீஷ் வகுப்பு, காலையில போனா சாயந்திரம் வரைக்கும் இங்கிலீஷ், இங்கிலீஷ், இங்கிலீஷ்தான். இதுல பாஸ் பண்ணினாத்தான் அந்தத் தண்ணி சுத்தம் பண்ற மேல்படிப்புல சீட்டு. எழுத்துல நம்ம புள்ள கெட்டி. பேச்சுலதான் சறுக்கிட்டா. ஊருக்குள்ள காரே ஓடக்கூடாதுன்னு ஒரு வியட்நாம் பொண்ணு பேசியிருக்கு, இவ "ரொம்ப சரி"ன்னிருக்கா. கார் இல்லாம எப்படின்னு ஒரு கொரியாக்காரப் பையன் பேசியிருக்கான், அதுக்கும் "ரொம்ப சரி". சீன டீச்சரம்மா, "நீ யார் பக்கம்?"னு கேட்டிருக்காங்க. "உங்க பக்கம் மேடம்"னிருக்கா. முட்டை மார்க். பெரியவங்க பேச்சைத் தட்டாதேன்னு நீங்களும் அண்ணியும் வளர்த்த அழகு, இங்க வந்து பெயிலாயிடுச்சு.

வீட்டுல யாரோடயாவது எதிர்த்துப் பேசிப் பழகுன்னு டீச்சரம்மா சொல்லிட்டாங்க. இந்த வீட்டுல எதிர்க்க வேண்டிய ஆள் என்னைத் தவிர யாரு? தினம் விளக்கேத்தினதும், அம்மன் காதுல விழுந்துடக் கூடாதுன்னு சாமி அலமாரிக் கதவைச் சாத்திட்டு உக்காருவோம். நான் தமிழ்ல ஒண்ணு சொல்லணும், அவ இங்கிலீஷ்ல மறுக்கணும். முதல் வாரம், மறுக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் "சாரி அத்தை"ன்னு காலைத் தொட்டா. தொட்டுத் தொட்டு என் மெட்டியே பளபளன்னு ஆயிடுச்சு. அவ சொல்றது எனக்குப் பாதி புரியாது. புரியலைன்னா அவ ஜெயிச்சான்னு வெச்சுக்குவோம். உங்க மாப்பிள்ளை பேப்பருக்குப் பின்னாலிருந்து, "முப்பது வருஷமா இப்படி ஒரு டியூஷனைத்தான் தேடிக்கிட்டிருந்தேன், எனக்கும் ஒரு சீட்டு கிடைக்குமா?"ங்கிறாரு.

அப்புறம் புள்ள பிடிச்சுக்கிட்டா அண்ணே. கதீஜா அக்கா, "பிரியாணில உருளைக்கிழங்கு போட்டாத்தான் ருசி லா"ன்னாங்க. இவ விடாம இங்கிலீஷ்ல எதிர்த்துப் பேசினா பாருங்க, அக்கா அசந்துபோய்த் தன் தட்டுல இருந்த கிழங்கை எடுத்து ஓரமா வெச்சுட்டாங்க. தேக்கா மார்க்கெட்டுல பூக்காரரு, "இன்னைக்குப் பறிச்ச பூதான்மா"ன்னாரு. "நாட் கன்வின்ஸ்ட்"னா. அந்த மனுஷன் உள்ள போயி வேற சரம் எடுத்துட்டு வந்தாரு! அந்த ஜோருல இருக்கும்போதுதான் உங்க போன் வந்துச்சு. மத்தபடி வேணும்னு பேசலை.

அதனால அண்ணே, வர்ற வியாழக்கிழமை பரீட்சை, அதுவரைக்கும் டிக்கெட் போடாதீங்க. பாஸானாலும் ஆகாட்டியும் தை மாசத்துக்குள்ள நானே கூட்டிட்டு வந்து நிறுத்துறேன். நீங்க காட்டுற பையனுக்குத் தலையாட்டுவா. அவ எதிர்ப்பெல்லாம் இங்கிலீஷ்ல மட்டும்தான். தமிழ்ல அவ நம்ம பழைய தாரணிதான். இதுக்கு நான் பொறுப்பு.

அண்ணிக்கு என் அன்பு. குலதெய்வத்துக்கு என் பேர்ல ஒரு சூடம் ஏத்துங்க. அம்மன் உங்க கோபத்தை இறக்கி, சுகரையும் சேர்த்து இறக்கட்டும்.

இப்படிக்கு,
உங்க தங்கை,
மங்களம்

பி.கு.: ஒட்டுறதுக்கு முன்னாடி தாரணிக்குப் படிச்சுக் காட்டினேன். முழுசும் கேட்டுட்டு, "அத்தை, தையில வந்து தலையாட்டுவேன்னு நான் எப்போ சொன்னேன்? பாஸானா இங்கேயே படிக்கப் போறேன். பெயிலானா மறுபடி எழுதுவேன். எனக்காகக் கெஞ்சாதீங்க, அப்பாகிட்ட நானே பேசிக்கிறேன்"னா. நல்ல தமிழ்ல சொன்னா, அண்ணே. சாமி அலமாரி திறந்துதான் இருந்துச்சு. எனக்குக் கோபம் வரணும், வரலை. உங்க மாப்பிள்ளை கைதட்டினாரு.

ஆகவே மேலே நான் கொடுத்த வாக்கை அடிச்சதா நினைச்சுக்குங்க. ஞாயித்துக்கிழமை, நீங்க சாப்பிட்டு எழுந்ததும் அவ போன் பண்ணுவா. பாதியில வெச்சிடாதீங்க. அவ பேசி முடிக்கட்டும், அப்புறம் வேணும்னா நீங்க எதிர்த்துப் பேசுங்க.