சிமெண்ட் சார் பிரித்த பொம்மைக் கம்பெனி

சிமெண்ட் சாரைப் போல ஒரு கணக்கர் கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்ததும் இல்லை, இனிப் பிறக்கப்போவதும் இல்லை. பிறந்தாலும் எந்த முதலாளியும் வேலைக்கு வைக்கமாட்டார்.

சிமெண்டுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கொட்டாரத்தில் ஒரு பொம்மைக் கம்பெனியில் நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே கணக்கராக வந்தவர் முதல் நாளே, “செக்மென்ட் கணக்கு எங்க?” என்று, பிரிவுவாரியான கணக்கைக் கேட்டார். துணிப்பொம்மை தைக்கும் பெண்கள் காதில் அது சிமெண்ட் என்று விழுந்தது. அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் ஒழிந்தது.

கம்பெனியில் மூன்று பிரிவுகள். பிளாஸ்டிக்கில் கடற்கரைக் கடைகளுக்கான மணல் வாளி, கார். மரத்தில் பள்ளிக்கூடங்களுக்கு அடுக்கு கட்டைகள். துணியில் கரடி, யானை. மூன்றின் வரவு செலவும் ஒரே நோட்டில் கலந்து கிடந்தது. எது சம்பாதிக்கிறது, எது தின்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதைப் பிரித்து எழுதவேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆசை என்று சொன்னால் போதாது, வியாதி.

வாச்மேனிடமிருந்து ஆரம்பித்தார்.

“வே, நீரு எந்தப் பிரிவப் பாத்து உக்காருவீரு?”

“நான் ரோட்டப் பாத்துல்லா இருப்பேன் சார்.”

“அப்ப நீரு பொதுச் செலவு.”

வாச்மேன் அன்று மத்தியானம் சோறு சரியாகச் சாப்பிடவில்லை.

கம்பெனிப் பூனை பிளாஸ்டிக் பிரிவில் தூங்கும், துணிப் பிரிவில் எலி பிடிக்கும். வேலை பார்க்கும் இடம்தான் முக்கியம் என்று அதன் பாலைத் துணிக் கணக்கில் எழுதினார். கடைசியில் நோட்டோடு முதலாளி அறைக்கே போய்விட்டார். “மொதலாளி, இன்னைக்குக் காலத்தேருந்து பிளாஸ்டிக்கப் பத்தி எத்தன மணிக்கூர் யோசிச்சிய? ஒங்க சம்பளத்தப் பிரிக்கணும்.”

முதலாளி இருபது வருஷம் கல்ஃபில் இருந்தவர். பொறுமைசாலி. “ஒம்மப் பத்தியே யோசிச்சிட்டு இருந்தேன். போம்” என்றார்.

ஆனால் அவர் உண்மையில் யோசித்தது வேறு. ஒருநாள் துணிப் பிரிவுக்கு வந்து, “தையல நிப்பாட்டிரலாம்னு இருக்கேன். ஒண்ணும் கட்டுப்படியாவல்ல. இந்த எடத்துல இன்னொரு பிளாஸ்டிக் மெஷின் போடணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அங்கே பதினான்கு பெண்கள். மூத்தவர் ஸ்டெல்லா அக்கா. கையிலிருந்த கரடிக்குக் கண் வைத்துத் தைத்துக்கொண்டே இருந்தார். தைத்து முடித்தபோது இரண்டு கண்ணும் ஒரே பக்கம் இருந்தன.

பிறகு எழுந்து சிமெண்ட் சாரிடம் போனார். “பூனைக்கெல்லாம் எழுதுதிய. எங்களுக்கும் நல்லதா நாலு வரி எழுதப்பிடாதா?”

“நல்லதா எழுத மாட்டேன் பிள்ள. உள்ளத எழுதுவேன்.”

அந்த வாரம் முழுக்கத் துணிப் பிரிவில் யாரும் அவரோடு பேசவில்லை. அவருக்கு அது தெரிந்ததாகவும் தெரியவில்லை. வேன் செலவைப் பிரிப்பதற்காக, டேப்பை வைத்து வேனுக்குள் எந்தப் பொம்மை எவ்வளவு இடம் அடைக்கிறது என்று அளந்துகொண்டிருந்தார்.

அறிக்கை வந்தது. துணிக்கு லாபம். மரத்துக்குக் கொஞ்சம் லாபம். நஷ்டம், முதலாளியின் செல்லமான பிளாஸ்டிக்குக்கு.

“பெண்டுகளுக்கு வக்காலத்தாவே இது?” முதலாளி முகம் சிவந்துவிட்டது.

“துணி நஷ்டம்னா நானே பூட்டச் சொல்லியிருப்பேன். நீங்க மனசுல கரண்டு பில்ல மூணா சமமா வகுந்து வச்சிருக்கிய. அங்கதான் பிசகு. வாங்க, காட்டித்தாரேன்.”

நல்ல வெயில். முதலாளி, சார், நான், வாச்மேன், எல்லாரும் மின்சார மீட்டர் முன்னால் நின்றோம். மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தையல் மெஷின்களை மட்டும் ஓடவிட்டார் சார். கரண்டு கூடினால் வேகமாகச் சிமிட்டும் மீட்டரின் சிவப்பு விளக்கு நினைத்து நினைத்துச் சிமிட்டியது. பிறகு தையலை நிறுத்தி, பிளாஸ்டிக் மெஷினைப் போடச் சொன்னார். விளக்கு துடித்த துடிப்பில் எண்ணக்கூட முடியவில்லை.

முதலாளி குனிந்து மீட்டரைப் பார்த்தார். வேட்டி நுனியால் கழுத்தைத் துடைத்தார். “அந்த ரெண்டாவது மெஷின் வேண்டாம்” என்று மெல்லச் சொன்னார். “ஸ்டெல்லாட்ட நீரே சொல்லிரும்.”

சொன்னார். ஸ்டெல்லா அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அடுத்த நாள் ஒரு டப்பா நிறைய முந்திரிக்கொத்துப் பலகாரம் கொண்டுவந்தார். “எனக்கு இதுல பங்கு இல்ல பிள்ள, கணக்குதான் சொல்லிச்சு” என்றபடியே சார் ஆறு தின்றார்.

துணிப் பிரிவில் இப்போது இருபது பேர். சார் வேலையை விட்டாயிற்று. போன மாதம் கொட்டாரம் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். முழங்கால் வலி என்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என் மகளின் படிப்பைப் பற்றியும், என் கணவரின் சுகரைப் பற்றியும் கணக்கு பிரிப்பதுபோல ஒவ்வொன்றாக விசாரித்தார். நான் ஏறவேண்டிய நாகர்கோவில் பஸ் வந்தது. அதை விட்டேன். அடுத்ததையும் விட்டேன்.