ஆம்பியர் ஊற்றாத பெட்ரோல்

நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு மனிதருக்கு வேலை போயிற்று. வேலையைவிடப் பெரிதாக அவர் நினைத்திருந்த நல்ல பெயரும் போயிற்று. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிரிக்கலாம் என்று இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்கள், சிரித்து முடித்ததும் என்னையும் நல்லவன் என்று நினைத்துக்கொண்டு போய்விடக் கூடாது.

அந்த மனிதரை எல்லோரும் ஆம்பியர் என்றுதான் அழைத்தோம். தென்னாற்காடு ஜில்லாவில் அவர் அளவுக்குக் கோபப்பட்டவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மழை பெய்தால் மழையைத் திட்டுவார். நின்றுவிட்டால், பாதியில் நின்றதற்குத் திட்டுவார். எதிரே இருந்த டீக்கடைக்காரர் அவருக்கு மட்டும் டீயை ஆற்றாமல் கொடுப்பார். ஒருமுறை ஆற்றிக் கொடுத்ததற்கு, “ஏன், எனுக்கு ஆத்தத் தெரியாதா? நான் இன்னா கையில்லாதவனா?” என்று கடையே அதிரும்படி கேட்டுவிட்டாராம்.

எண்பதுகளின் தொடக்கம். விழுப்புரத்தில் ஜங்ஷனுக்குப் போகும் சாலையில் எங்கள் மோட்டார் சைக்கிள் ஷோரூம். மெட்ராஸ் கம்பெனி ஒன்றின் ஒரே ஒரு ரக வண்டியை நாங்கள் விற்றோம். எருமைக் கன்று கனம், தூரத்திலேயே நெஞ்சில் இடிக்கும் சத்தம். பண்ணைக்காரர்கள், அரிசி மில்காரர்கள், போலீஸ் அதிகாரிகள் வாங்குவார்கள். நான் எம்.ஏ. படித்த மேனேஜர். ஆம்பியர் தலைமை மெக்கானிக், என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

அந்தப் பெயர் வந்த கதை இது. பெரிய வண்டியைச் சும்மா உதைத்துக் கிளப்ப முடியாது. கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்பியர் மீட்டரில் முள் நடுவுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அதன்பிறகு ஒரே உதை. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும், முழங்கால் போய்விடும். அதனால் ஆம்பியர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வண்டி வாங்க வருகிறவர் யாராயிருந்தாலும், தானே முள்ளைப் பார்த்துக் கிளப்பிக் காட்டினால்தான் சாவி.

கண்டாச்சிபுரத்திலிருந்து ஓர் அரிசி மில்காரர் மாலை, எலுமிச்சம்பழம், மனைவி, மச்சான்கள் சகிதம் வாடகை வேனில் வந்திறங்கினார். பூசை ஆயிற்று. ஏறி உதைத்தார். உதைத்தார். உதைத்துக்கொண்டே இருந்தார். வேட்டி அவிழும் கட்டம் வந்ததும் ஆம்பியர் சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“ஐயா, வண்டி உங்களுது. சாவி என்னுது. கத்துக்கினு வாங்க.”

“யோவ், நல்ல நேரம் போவுதுய்யா!”

“போவட்டுங்க. கால் போனா இன்னா பண்ணுவீங்க?”

மில்காரர் மூன்று நாள் பஸ்ஸில் வந்து பழகினார். மூன்றாம் நாள் ஒரே உதையில் வண்டி கிளம்பியபோது அழுதேவிட்டார். மச்சான்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

அதற்கடுத்த மாதம் ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். சோதனை என்றதும் மீசை துடிக்க, “நான் யாருன்னு தெரியுமாய்யா?” என்றார்.

“எனுக்குத் தெரியுது சார். முள்ளுக்குத் தெரியலியே.”

நான் கண்ணாடி அறைக்குள் மேசைக்கடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு முள்ளைப் பார்க்க ஆரம்பித்தார்.

இப்படிப்பட்ட கடைக்குள்தான் அந்தச் சின்ன வண்டி வந்தது.

கம்பெனிக்குத் திடீரென்று இளமை திரும்பிவிட்டது. கனமான வண்டிகளைக் கிழவர்கள் மட்டும் வாங்குகிறார்களாம். நகரத்து இளைஞர்களுக்காகச் சின்னதாக, லேசாக, பளபளவென்று ஒன்று செய்திருக்கிறார்களாம். அதைச் சொல்ல மெட்ராஸிலிருந்து டை கட்டிய ஓர் அதிகாரி வந்தார். விழுப்புரத்து வெயிலில் டை கட்டியவரை அன்றுதான் பார்த்தோம்.

“சிட்டி யூத்! அவங்கதான் நம்ம டார்கெட்” என்றார்.

“சிட்டி எங்க சார் இருக்குது இங்க?” என்றார் ஆம்பியர். “ஜங்ஷன்ல எறங்கி வேற ரயில் மாறிக்கினு போறவனுங்கதான் சிட்டிக்காரனுங்க. அவனுங்க வண்டி வாங்க மாட்டானுங்க, இட்லி வாங்குவானுங்க.”

அதிகாரி சிரிக்கவில்லை. ஆம்பியர் சின்ன வண்டியைச் சுற்றி வந்தார். ஒரு கையால் முன்சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தார். “இதுக்கு முழு டிக்கெட்டா, அரை டிக்கெட்டா?” என்று கேட்டார். கடைசியாக ஹெட்லைட்டின் மேலே பார்த்தார்.

“மீட்டர் எங்க?”

“இதுக்கு ஆம்பியர் மீட்டர் வேண்டாம். சும்மா உதைச்சா ஸ்டார்ட் ஆயிடும்.”

“அப்ப கத்துக்க ஒண்ணும் இல்ல?”

“ஒண்ணுமே இல்ல!” என்றார் அதிகாரி பெருமையாக.

அன்றிலிருந்து பதினைந்து நாள் ஆம்பியர் அந்த வண்டியைத் திட்டினார். டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், முண்டியம்பாக்கத்தில் யாரையோ பார்க்கப் போன இடத்தில், எங்கும் திட்டினார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அதிகாரியின் கண்ணில் நல்லவனாகி மெட்ராஸ் ஆபீசுக்குப் போய்விட நான் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் கிறுக்கர் காரியத்தைக் கெடுத்துவிடுவார் என்று பயந்தேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டதால்தான் இத்தனையும். வாயால் திட்டிய அதே ஆள் கையால் அந்த வண்டிகளைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலத் தயார் செய்தார். பெரிய வண்டிக்கு எண்ணெய் என்ஜினுக்குள் தனியாக இருக்கும். சின்ன வண்டிக்கு அப்படியில்லை. பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். வெறும் பெட்ரோல் ஊற்றினால் கொஞ்ச தூரம் ஓடும், பிறகு சூடேறி உள்ளே பிஸ்டன் இறுகிக்கொள்ளும். பெரிய வண்டியிலேயே பழகிய எங்கள் எல்லோருக்கும் இது புதிது. ஆம்பியர் தனியாக ஒரு கேன் வாங்கி, அதில் சிவப்புப் பெயின்ட் அடித்து, “ஆயில் கலந்தது. கண்ணு இருந்தா பாத்து ஊத்து” என்று எழுதி வைத்தார்.

அறிமுக விழா திண்டிவனத்தில். பந்தல், மைக்செட், எங்கள் ஷோரூம் முதலாளியின் நண்பர்கள் எல்லாம் தயார். விழுப்புரத்திலிருந்து ஐந்து சின்ன வண்டிகள் ஊர்வலமாகப் போக வேண்டும். கல்லூரி மாணவர்கள் நால்வர், முதல் வண்டியில் அதிகாரியே. பின்னால் பெரிய வண்டியில் ஆம்பியர், சாமான் பையோடு. அவருக்குப் பின்னால் உட்கார்ந்து நான்.

காலையில் ஆம்பியர் ஒவ்வொரு வண்டிக்கும் அளந்து கலந்து ஊற்றிக்கொண்டிருந்தார். நான்கு முடிந்தது. சிவப்புக் கேன் காலி. மறுபடி கலக்கப் பின்கட்டுக்குப் போனார்.

“மேனேஜர், இன்னும் எவ்வளவு நேரம்?” என்று அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் பக்கத்திலிருந்த கேனை எடுத்து அவர் வண்டியில் ஊற்றினேன். பெரிய வண்டிக்கான வெறும் பெட்ரோல். பத்து வருடக் கைப்பழக்கம். சத்தியமாக அந்த நேரத்தில் எண்ணெய் ஞாபகமே இல்லை. ஆம்பியர் சிவப்புக் கேனோடு திரும்பி வருவதற்குள் அதிகாரி கிளம்பிவிட்டார்.

“அதுக்கு யார் ஊத்துனது?”

“ஆச்சு, ஆச்சு. ஜல்தி ஏறுங்க” என்றேன்.

விக்கிரவாண்டி தாண்டி, திண்டிவனத்துக்கு ஒரு மைல் இருக்கும்போது அதிகாரியின் வண்டி ஒரு மாதிரி கீச்சிட்டது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. அதிகாரி வண்டியோடு சாலையோரம் சரிந்து, காயப் போட்டிருந்த மல்லாட்டைக் கொடியின் மேல் விழுந்தார்; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. நல்லவேளை, அடியில்லை. முழங்கையில் சிராய்ப்பு, டை கிழிந்து பாதிதான் மிச்சம்.

சூடான என்ஜின் அசையவேயில்லை. அந்த வழியாக மல்லாட்டை மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று வந்தது. திண்டிவனம் பந்தலில் அறிவிப்பாளர் எதையும் அறியாமல் முழங்கிக்கொண்டிருந்தார்: “இதோ வருகிறது! நாளைய இளைஞனின் வாகனம்! காற்றைக் கிழித்துக்கொண்டு வருகிறது!” நாளைய இளைஞனின் வாகனம் மூட்டைகளின் மேல் மல்லாந்து படுத்தபடி, இரண்டு மாடுகள் இழுக்க, பந்தலுக்குள் வந்து சேர்ந்தது. ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

முதலாளி சிரிக்கவில்லை. மேடைக்குப் பின்னால் எங்களை நிறுத்தினார். ஆம்பியர் டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தார். விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எவன்யா பெட்ரோல் போட்டது?” என்று அதிகாரி கத்தினார்.

நான் ஒரு மூச்சுகூட நிதானிக்கவில்லை. “ஆம்பியர்தான் சார் எல்லா வண்டிக்கும் போட்டார்” என்றேன். அது போதாதென்று இன்னொன்றும் சொன்னேன். “அவருக்கு இந்த வண்டி மேலயே வெறுப்பு சார்.”

யாரும் சந்தேகப்படவில்லை. பதினைந்து நாளாக ஜில்லா முழுக்கக் கேட்ட வசவு எனக்குச் சாட்சி சொன்னது. மழையைக்கூடத் திட்டுகிற அந்த மனிதர் அன்று வாயே திறக்கவில்லை. சாமான் பையை மேடைப் படியில் வைத்தார். நடந்து போனார்.

அதோடு விட்டேனா? கம்பெனிக்கு அறிக்கை எழுதினேன். “புதிய தயாரிப்பின் மீது தனிப்பட்ட பகைமை” என்று அழகான ஆங்கிலத்தில், ஒரு பிழையில்லாமல் எழுதினேன். நான் படித்த எம்.ஏ. முழுசாகப் பயன்பட்ட ஒரே இடம் அதுதான். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்த பேராசிரியர்களிடம்கூடக் கோபம் வருகிறது. அவர்கள் பாவம், என்ன செய்வார்கள்?

ஆம்பியரை எந்த ஒர்க் ஷாப்பும் சேர்க்கவில்லை. “அவுரா? என்ஜினை ஜாம் பண்ற ஆளாச்சே” என்றார்கள். மெட்ராஸ் ஆபீஸ் என்னையும் கூப்பிடவில்லை. சின்ன வண்டி ஊருக்குள் எடுபடவேயில்லை. இரண்டே வருடத்தில் நாங்கள் அதை வைப்பதை நிறுத்திவிட்டோம். அதிகாரி வேறு கம்பெனிக்கு ஃபிரிட்ஜ் விற்கப் போய்விட்டார். மொத்தத்தில் யாருக்குமே உதவாத ஒரு பொய்க்காக ஒரு மனிதரைத் தெருவில் நிறுத்தியிருந்தேன்.

நான்கைந்து வருடம் கழித்து, திண்டிவனத்தில் மயிலம் போகும் சாலையோரம் ஒரு கீற்றுக் கொட்டகையில் அவர் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். தலை பாதி நரைத்திருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

“தெரியும்யா” என்றார். “மோந்து பாத்தப்பவே தெரியும். கேனைத் தூக்கினது நீதான்.”

“அன்னிக்கு ஏங்க ஒண்ணும் சொல்லல?”

“இன்னான்னு சொல்றது? நான் இல்ல, நான் இல்லன்னு அழுவணுமா? இத்தினி வருஷம் என் கையைப் பாத்த முதலாளி என்னை ஒரு வார்த்தை கேக்கல. கேக்காதவன்கிட்ட இன்னாத்த சொல்றது?”

பிறகு டியூப்பைத் தொட்டித் தண்ணீரில் வீசிவிட்டு எழுந்தார். பழைய கோபம் வந்துவிட்டது.

“நீ தெரியாம ஊத்துன. அது கழுதை, போவட்டும். வெறுப்புல பண்ணேன்னு சொன்ன பாரு! நானு! வாயில ஆயிரம் சொல்லுவேன்யா. ஒரு என்ஜினுக்குக் கெடுதி நினைப்பனா? எம்மா பெரிய படிப்பு படிச்ச, இது தெரியல உனுக்கு?”

“மன்னிச்சிடுங்க.”

“என்கிட்ட ஏன்யா சொல்ற? எனுக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லு, போ!”

போனேன். முதலாளியிடம் சொன்னேன். “அட விடுப்பா, இப்ப எதுக்கு அந்தப் பேஜாரு?” என்று பேப்பரைப் புரட்டினார். கம்பெனிக்கு எழுதினேன். அதற்குப் பதிலே வரவில்லை. பொய்யை ஒரே நிமிடத்தில் வாங்கிக்கொண்டவர்களுக்கு உண்மையை வைக்க இடமில்லை. அன்று வந்த ஆத்திரத்தில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

சினிமா விளம்பரத்துக்குப் போகும் ஆட்டோ ஒன்றை, கூம்பு ஒலிபெருக்கியோடு அமர்த்தினேன். முதல் நாள் விழுப்புரம், மறுநாள் திண்டிவனம். மைக்கை நானே பிடித்தேன். “பொதுமக்களே! சின்ன வண்டியில் வெறும் பெட்ரோல் ஊற்றியவன் நான். ஆம்பியர் ஊற்றவில்லை. பழியை அவர் மேல் போட்டவனும் நான்.” விழுப்புரத்தில் இரண்டு பேர், “இன்னா படம் சார்? எந்தக் கொட்டகை?” என்று கேட்டார்கள். நான் பெயரைச் சொல்லி, தேதியைச் சொல்லி, கேனின் நிறத்தைச் சொல்லி மறுபடி ஆரம்பித்தேன். கடையின் மானத்தை வாங்கிவிட்டதாக முதலாளி என்னை வேலையிலிருந்து நிறுத்தினார். முதல்முறையாக அவர் நியாயமாக நடந்துகொண்டதாக எனக்குத் தோன்றியது. பின்னால் திண்டிவனத்து ஒர்க் ஷாப் ஒன்று ஆம்பியரைத் தேடிப் போய்க் கூப்பிட்டதும், பெரிய வண்டி, சின்ன வண்டி இரண்டும் அவர் கைக்கு வந்ததும் உண்மை. ஆனால் நான் சொல்ல நினைப்பது அந்தத் திண்டிவனத்து மத்தியானத்தை.

மயிலம் சாலைக்கு ஆட்டோ வந்தபோது அவர் கொட்டகைக்கு வெளியே நின்று, கையைக் கட்டிக்கொண்டு முழுவதும் கேட்டார். பிறகு ஆட்டோவை நிறுத்தி டிரைவரிடம், “பஸ் ஸ்டாண்டு பக்கம் சரியா கேட்டிருக்காது. இன்னொரு சுத்து வா” என்றார். இன்னொரு சுற்று வந்தோம். இந்தமுறை கையை அழுக்குத் துணியில் துடைத்துக்கொண்டு, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, ஆட்டோவுக்குள் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ஊர் பார்க்கட்டும் என்பதுபோல முதுகை நிமிர்த்தி, நேராகப் பார்த்தபடி வந்தார். நான் பேசிக்கொண்டே வந்தேன். கடைத்தெரு தாண்டும்போது என் குரல் உடைந்தது.

“போதும்யா” என்றார், வெளியே பார்த்தபடியே. “தொண்டை கட்டிக்கப் போவுது.”

நான் இன்னும் இரண்டு தெருவுக்குப் பேசினேன். அவர் இறங்கவில்லை.